குலா ஷேக்கரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பெருமாள் கோயில்களில் கருவறைக்கு முன்னால் இருக்கும் படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். அரியணையும் செல்வமும் வேண்டாம், உன் வாசலில் படியாகக் கிடந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்று பாடியவர் குலசேகர ஆழ்வார். சேர மன்னர். பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களும் அவருடையவை. முகுந்தமாலை என்ற வடமொழித் துதியும் அவர் பெயரில் வழங்குகிறது. அந்த மன்னரின் பெயரைத்தான் 1995இல் லண்டன் இளைஞர்கள் நான்கு பேர் தங்கள் ராக் இசைக்குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் நாக்கில் குலசேகர், குலா ஷேக்கர் ஆகிவிட்டது.

போன மாதம் என் அண்ணன் மகள் போனில் கேட்டாள். "சித்தப்பா, கோவிந்தா ஜெய ஜெயன்னு வெள்ளைக்காரங்க பாடின பாட்டு ஒண்ணு கேட்டேன். கிடார், டிரம்ஸ் எல்லாம் வச்சுப் பாடியிருக்காங்க. அந்த பேண்டோட ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க, முழுசா உட்கார்ந்து கேக்குறேன்."

இதற்கு வழக்கமான பதில் 'கே'. 1996இல் வந்த முதல் ஆல்பம். அதுதான் விற்றது, அவள் கேட்ட பாட்டும் அதில்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பதிலில் முழு உடன்பாடு கிடையாது. இரண்டு ஆல்பங்களையும் பல வருஷமாக மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். அவளுக்கு நான் சொல்லப்போவது இரண்டாவது ஆல்பத்தை. அது வெளிவந்த ஆறே மாதத்தில் இசைக்குழு உடைந்தது. அப்படிப்பட்ட ஒன்றை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தேர்வு முக்கியமாக இரண்டு ஆல்பங்களுக்கு இடையில்தான். ஒன்று 'கே'. மற்றது 1999 மார்ச்சில் வந்த 'பெஸன்ட்ஸ், பிக்ஸ் அண்ட் ஆஸ்ட்ரோநாட்ஸ்'. குடியானவர்கள், பன்றிகள், விண்வெளி வீரர்கள் என்று அர்த்தம். இனி 'பெஸன்ட்ஸ்' என்றே சொல்கிறேன். பிரிவதற்கு முன் அவர்கள் போட்ட முழு ஆல்பங்கள் இவ்வளவுதான். ஆல்பமே வேண்டாம், புகழ்பெற்ற பாட்டுகளை மட்டும் பொறுக்கிக் கேட்போம் என்றால் அதுவும் ஒரு வழி. மறுபடி சேர்ந்தபின் வந்தவற்றில் ஒன்றை எடுப்பது இன்னொரு வழி. இந்த இரண்டையும் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் 'கே'. பாடகரும் கிடார்க்காரருமான கிறிஸ்பியன் மில்ஸும், பேஸ் கிடார் வாசிக்கும் அலோன்ஸா பெவனும் லண்டன் ரிச்மண்ட் பகுதிக் கல்லூரியில் படித்த காலத்தில் கூட்டுச் சேர்ந்தவர்கள். வெவ்வேறு பெயர்களில் சில வருஷம் வாசித்தார்கள். டிரம்ஸுக்குப் பால் வின்டர்ஹார்ட் வந்தார், ஆர்கனுக்கு ஜே டார்லிங்டன் வந்தார். மில்ஸ் 1993இல் இந்தியாவுக்கு யாத்திரை வந்துபோனவர். திரும்பிப் போனபின் அவர் எழுதிய பாட்டுகளில் கிருஷ்ண பக்தி வெளிப்படையாகவே வந்தது. 'தி கேஸ்' என்றிருந்த குழு 1995இல் குலா ஷேக்கர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே வருஷம் மான்செஸ்டரில் புதுக் குழுக்களுக்கு நடக்கும் 'இன் தி சிட்டி' போட்டியில் ப்ளசீபோ குழுவோடு பரிசைப் பகிர்ந்துகொண்டது. உடனே கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம். பெயர் மாற்றியது ராசிதான் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் மிக வேகம். 1996 கோடையில் 'தத்வா' பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம். அடுத்து 'ஹே டூட்' 2ஆம் இடம். ஆகஸ்டில் நெப்வொர்த்தில் அன்றைய பெரிய ராக் குழுவான ஓயேசிஸ் நடத்திய மாபெரும் கச்சேரியில் இவர்களும் மேடையேறினார்கள். செப்டம்பரில் வந்த 'கே' நேராக முதலிடத்துக்குப் போனது. நவம்பரில் 'கோவிந்தா' 7ஆம் இடம். முழுக்க முழுக்க சமஸ்கிருதத்தில் பாடப்பட்டு பிரிட்டனின் முதல் பத்துக்குள் நுழைந்த பாட்டு வேறு கிடையாது. 1997இல் 'ஹஷ்' 2ஆம் இடம். அதே வருஷம் பிரிட் விருதுகளில் சிறந்த புதுமுகம். எல்லாமே ஒன்றரை வருஷத்துக்குள்.

அந்தக் காலத்தை ஞாபகப்படுத்திக்கொண்டால்தான் இதன் அதிசயம் புரியும். பிரிட்பாப் என்று சொன்ன பிரிட்டிஷ் கிடார் குழுக்களின் அலை உச்சத்தில் இருந்த நேரம். ஓயேசிஸும் பிளரும் தெரு, பப், வேலை, காதல் என்று பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் வந்து, அசிந்த்ய பேத அபேத தத்துவம் என்று பல்லவி பாடி, அதை ரேடியோவில் பிள்ளைகள் முணுமுணுக்கும்படி செய்துவிட்டார். சைதன்ய மகாபிரபுவின் வழிவந்த வங்காள வைணவத்தின் அடிப்படைக் கொள்கை அது. உயிரும் இறைவனும் ஒன்றாகவும் இருக்கிறார்கள், வேறாகவும் இருக்கிறார்கள், அது எப்படி என்பது நம் சிந்தைக்கு எட்டாது என்பது அதன் சாரம். பாட்டில் அதற்குப் பூவையும் மணத்தையும் உவமை சொல்கிறார் மில்ஸ். பூவுக்குள் மணம்போல என்று கேட்டே வளர்ந்த நம் காதுக்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

'கோவிந்தா'வைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். தம்புரா ரீங்காரம். அதன்மேல் நாமாவளி. வீட்டுப் பஜனையில் யாரோ எடுத்துக் கொடுக்கிற மாதிரியே தொடங்கும். அப்புறம் டிரம்ஸும் கிடாரும் உள்ளே வந்து விழும். கவனியுங்கள், ராக் வாத்தியங்கள் நாமாவளியைத் தள்ளிவிட்டு முன்னால் வருவதில்லை. பஜனையில் முதல் சுற்று மெதுவாகப் போய், ஜால்ராவும் கையும் சேர்ந்து வேகம் ஏறுமே, அந்த ஏற்றத்தை இவர்கள் கிடாரால் செய்கிறார்கள். மில்ஸின் உச்சரிப்பு நம் ஊர் உச்சரிப்பு இல்லைதான். ஆனாலும் சொல்லை மென்று விழுங்காமல், ஒவ்வொன்றையும் மதித்துப் பாடுகிறார். என் அம்மா இந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு, "யார் பாடினா என்ன, பேரு சொல்றாங்கல்ல" என்றார். அதற்குமேல் விமர்சனம் அவருக்குத் தேவைப்படவில்லை.

சரி, இவ்வளவு நல்ல ஆல்பத்தை ஏன் இரண்டாவதாகத் தள்ளுகிறேன்? 'கே'யில் 13 பாட்டுகள். தயாரித்தவர் ஜான் லெக்கி, தி ஸ்டோன் ரோஸஸின் முதல் ஆல்பத்தையும் ரேடியோஹெட்டின் 'தி பெண்ட்ஸ்' ஆல்பத்தையும் தயாரித்தவர். ஒலி தெளிவாக, துடிப்பாக இருக்கும். ஆனால் ஒரே உறையில் இரண்டு ஆல்பங்கள் இருப்பதுபோல எனக்குப் படும். 'ஹே டூட்', 'நைட் ஆன் தி டவுன்', '303' எல்லாம் அறுபதுகளின் கிடார் ராக்கை நேசித்து வளர்ந்த பையன்களின் பாட்டு. 303 என்பது ஸ்டோன்ஹெஞ்ச் பக்கமாகப் போகும் நெடுஞ்சாலையின் எண். இன்னொரு பாட்டு 1995இல் இறந்துபோன கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெரி கார்சியாவுக்கு அஞ்சலி. இன்னொரு பக்கம் 'கோவிந்தா', 'தத்வா', 'டெம்பிள் ஆஃப் எவர்லாஸ்டிங் லைட்', 'ஸ்லீப்பிங் ஜீவா'. இந்த இரண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, 'கோவிந்தா'வைத் தவிர வேறு எங்கும் ஒன்றோடொன்று முழுசாகக் கலக்கவில்லை.

உறையைப் பார்த்தாலும் அதே எண்ணம் வரும். டேவ் கிப்பன்ஸ் வரைந்த அட்டை. பெயரில் கே எழுத்து வரும் பிரபலங்கள் கூட்டமாக நிற்பார்கள். கென்னடி இருக்கிறார், மார்ட்டின் லூதர் கிங் இருக்கிறார், நடனக் கலைஞர் ஜீன் கெல்லி இருக்கிறார், பயமுறுத்தும் வேடங்களில் நடித்த போரிஸ் கார்லாஃப் இருக்கிறார். பார்க்கக் கண்கொள்ளாத அட்டை. ஆசைப்பட்டதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற இளமைத் துடிப்பு அதில் தெரியும். ஆல்பமும் அப்படித்தான். 23 வயதுக்காரரின் முதல் ஆல்பத்தில் அது அழகு, குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் குழு என்ன தேடியது என்று கேட்டால் 'கே'யில் பாதி பதில்தான் கிடைக்கும்.

இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவே இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. அந்த இடைவெளியில்தான் இந்தக் குழுவின் விதி மாறியது. மில்ஸின் அம்மா நடிகை ஹேலி மில்ஸ், அப்பா இயக்குநர் ராய் போல்ட்டிங், தாத்தா சர் ஜான் மில்ஸ். பிரிட்டனில் எல்லோருக்கும் தெரிந்த சினிமாக் குடும்பம். வர்க்கம் பார்க்கும் அந்த நாட்டில், வசதியான வீட்டுப் பிள்ளை கிழக்கத்திய ஞானம் பேசுகிறான் என்ற முணுமுணுப்பு முதல் நாளிலிருந்தே இருந்தது. அவருடைய பக்தி வேஷம் என்று எழுதினார்கள். அது தவறு என்று அடித்துச் சொல்வேன். வேஷம் என்றால் விருது வாங்கியதும் கலைத்திருப்பார். முப்பது வருஷம் கழித்தும் அவர் அதே பெயர்களைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் 1997இல் அவர் செய்தது பெரிய பிழை. ஒரு பேட்டியில் ஸ்வஸ்திகா தனக்கு மிகவும் பிடித்த சின்னம், அது அமைதிக்கும் சூரியனுக்கும் அடையாளம் என்று சொன்னார். மேடையில் எரியும் ஸ்வஸ்திகா வைக்க ஆசை என்றும் சொன்னார். நமக்கு இது எப்படி ஒரு பிரச்சினையாகும் என்றுகூடத் தோன்றலாம். கிரகப்பிரவேச வீட்டுக் கதவில் குங்குமத்தால் போட்ட ஸ்வஸ்திக், புது வண்டியின் முகப்பில் மஞ்சளோடு போட்ட ஸ்வஸ்திக் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு சின்னத்துக்கு அர்த்தம் தருவது அதை வரைபவர் மட்டும் இல்லை, பார்ப்பவரும்தான். ஹிட்லரின் குண்டு விழுந்த நகரம் லண்டன். அந்தக் கொடியின் கீழ் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்த நாடு அது. அவர்கள் முன்னால் நெருப்பு வைத்து அதைக் காட்டப் போகிறேன் என்றால், மனதில் என்ன இருந்தாலும் அது காயத்தைக் கிளறுவதுதான். பத்திரிகைகள் விடவில்லை. அவருடைய பழைய கச்சேரிகள் வரை தோண்டினார்கள். தான் நாஜிகளை ஆதரிப்பவன் இல்லை, இந்தியச் சின்னத்தின் மேலுள்ள பற்றில் அறியாமல் பேசிவிட்டேன் என்று மில்ஸ் எழுத்தில் விளக்கம் கொடுத்தார், வருந்தினார். ஆனால் ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டால் வந்ததுதான்.

காலமும் காத்திருக்கவில்லை. 1997லேயே பிரிட்பாப் அலை வடியத் தொடங்கிவிட்டது. ரேடியோஹெட் 'ஓகே கம்ப்யூட்டர்' போட்டிருந்தது. ரசனை வேறு பக்கம் திரும்பியது. 1998 வசந்தத்தில் வந்த 'சவுண்ட் ஆஃப் டிரம்ஸ்' 3ஆம் இடம் பிடித்தது உண்மைதான். அந்தச் சூட்டோடு ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆல்பம் வர இன்னொரு வருஷம் ஆயிற்று.

அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் பாப் எஸ்ரின். பிங்க் ஃபிளாயிடின் 'தி வால்' ஆல்பத்தில் பங்கெடுத்தவர். பதிவு நடந்த இடங்களில் ஒன்று 'அஸ்டோரியா' என்ற படகு வீடு. பிங்க் ஃபிளாயிடின் டேவிட் கில்மோர் தேம்ஸ் நதியில் கட்டி நிறுத்தியிருக்கும் பழைய படகு, உள்ளே முழு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. மில்ஸும் பெவனும் சந்தித்த கல்லூரியிலிருந்து சில மைல் தூரம்தான். ஜன்னலுக்கு வெளியே ஆறு போய்க்கொண்டிருக்க, உள்ளே ராதையின் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

இப்போது 'பெஸன்ட்ஸ்'. 12 பாட்டுகள். முதல் பாட்டு 'கிரேட் ஹோசன்னா', பைபிளிலிருந்து வந்த சொல். கடைசிப் பாட்டு 'நமாமி நந்த நந்தனா', நந்தகோபன் மகனை வணங்குகிறேன். ஹோசன்னாவில் தொடங்கி நந்தநந்தனனில் முடியும் இந்தப் பயணம்தான் இந்த ஆல்பத்தின் உயிர். 1999 என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆயிரமாண்டு முடிகிறது, உலகம் என்ன ஆகுமோ என்ற பேச்சு எங்கும் இருந்த வருஷம். அந்தப் பயம், போர், இயந்திரம், மீட்பு எல்லாம் முதல் சில பாட்டுகளில் முட்டி மோதும். 'மிஸ்டிக்கல் மெஷின் கன்' என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்திருப்பதே அந்த மோதல்தான். அது முடிந்து 'எஸ்.ஓ.எஸ்.' என்று அவசர அழைப்பு. அதற்கு அடுத்து வருவது 'ராதே ராதே'. அபாயக் குரலுக்குப் பதிலாக ஒரு பெயர் வருகிறது. இந்த வரிசையை யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். 'கே'யில் இப்படி ஒரு பாட்டு இன்னொன்றுக்குப் பதில் சொல்வது கிடையாது.

'108 பேட்டில்ஸ்' என்ற பாட்டின் தலைப்பில் மனதின் போர்கள் என்று சேர்த்திருக்கிறார்கள். ஜபமாலையில் 108 மணி. நமக்கு 108 திவ்ய தேசம். எண்ணைப் பார்த்ததும் நமக்கு விரல் மணியைத் தேடும். அவர்கள் ஊரில் பலருக்கு அது வெறும் எண்ணாகப் போயிருக்கும். 'கோல்டன் அவதார்' என்பதும் அப்படித்தான். சைதன்யரை வங்காள வைணவர்கள் கௌராங்கர் என்பார்கள், பொன்மேனியர். அந்தப் பொன் அவதாரம்தான் தலைப்பு. முதல் ஆல்பத்தில் சைதன்யரின் கொள்கையைப் பல்லவியாக வைத்தவர்கள், இரண்டாவதில் அவரையே பாட வந்துவிட்டார்கள். இதைத்தான் நான் முதலில் சொன்ன பாதி பதிலின் மறுபாதி என்கிறேன்.

'பெஸன்ட்ஸ்' குறையில்லாத ஆல்பம் என்று சொல்ல வரவில்லை. அடுக்கு மேல் அடுக்காக ஒலி. போன் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் ஒன்றாகக் குழைந்து இரைச்சல் மாதிரி இருக்கும். அப்படிக் கேட்பதாக இருந்தால் 'கே'தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டால்தான் கிடாருக்குப் பின்னால் தம்புராவும், ஆர்கனுக்கு அடியில் குரல்களும் பிரிந்து தெரியும். சில பாட்டுகள் தேவைக்கு மேல் நீளம். முதல் பாட்டே தடதடவென்று வந்து மேலே விழும். பொறுமை இல்லாதவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான்கூட முதல் தடவை முழுசாகக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி மின்சாரம் போய், பேட்டரியில் ஓடும் வாக்மேனில் வேறு கேசட் இல்லாமல் இதையே கடைசிவரை ஓடவிட்டேன். 'டைம்வார்ம்' வரும்போது மனசு அடங்கிவிட்டது. கடைசிப் பாட்டு முடிந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பிரிட்டிஷ் ரசிகர்கள் அதுவரை பொறுக்கவில்லை. ஆல்பம் 9ஆம் இடம். தனிப்பாட்டாக வந்த 'மிஸ்டிக்கல் மெஷின் கன்' 14, 'ஷவர் யுவர் லவ்'வும் 14. இவ்வளவு இனிமையான மெட்டு வேறு வருஷத்தில் வந்திருந்தால் எங்கோ போயிருக்கும். முதல் ஆல்பம் முதலிடம் பிடித்த குழுவுக்கு ஒன்பது என்பது தோல்வியாகப் பார்க்கப்பட்டது. 1999 செப்டம்பரில் மில்ஸ் விலகினார், குழு கலைந்தது. சண்டை, வழக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேகமாக ஏறிய நான்கு பேர், இரண்டு வருஷம் திட்டு வாங்கி, ரொம்ப நாள் செலவழித்து மனசார ஒன்றைச் செய்து, அது போய்ச் சேரவில்லை என்றதும் களைத்துப்போனார்கள். நான் புரிந்துகொண்ட அளவில் அவ்வளவுதான்.

பிரிந்தபின் மில்ஸ் 2002இல் 'தி ஜீவாஸ்' என்று குழு தொடங்கினார். பெயரில் ஜீவன் இருந்தாலும் இசை நேரடியான கிடார் ராக்தான். டார்லிங்டன் ஓயேசிஸின் மேடைகளில் கீபோர்டு வாசித்தார். பெவன் கிடார்க்காரர் ஜானி மார் என்பவரோடு சேர்ந்து வாசித்தார். ஒவ்வொருவரும் திறமையானவர்கள் என்பது பிரிந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

தேர்வுக்குள் போகும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது, அண்ணன் மகளும் கேட்பாள். நம்முடையதை எடுத்து வெள்ளைக்காரர்கள் பாடிப் புகழ் வாங்குகிறார்களே, சரிதானா? இதே காலத்தில்தான் தஜீந்தர் சிங்கின் கார்னர்ஷாப் குழு பிரிட்டனில் இயங்கியது. ஆஷா போஸ்லேயைக் கொண்டாடும் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' 1998 தொடக்கத்தில், நார்மன் குக் செய்த ரீமிக்ஸில், முதலிடம் பிடித்தது. அந்த நாட்டிலேயே வளர்ந்த பஞ்சாபிப் பிள்ளைகளின் குரல் அது, பெட்டிக்கடை ரேடியோ வாசனை அடிக்கும். அதோடு வைத்துப் பார்த்தால் 'கே'யின் சில பகுதிகளில் இந்தியா ஒரு வண்ணத் துணி மாதிரி பின்னால் தொங்குவது தெரியும். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 'பெஸன்ட்ஸ்' ஆல்பத்தின் மேல் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் அவர்கள் நம் பொருளை அலங்காரத்துக்கு எடுக்கவில்லை. தாங்கள் நம்புவதைப் பாடுகிறார்கள், அதற்கு விலையும் கொடுத்தார்கள். நான் அதை முதலில் வைப்பதற்கு இது முக்கியமான காரணம். குலசேகரர் தன் பாசுரத்தில், உலகத்தார் எனக்குப் பித்தர், அவர்களுக்கு நான் பித்தன் என்ற பொருளில் பாடியிருக்கிறார். பெயரை அவரிடமிருந்து எடுத்தவர்கள் அந்தப் பித்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது இந்த ஆல்பத்தில்தான்.

சரி, தனிப்பாட்டுகள் மட்டும் போதுமா? வேலைக்குப் போகும் வழியில் இருபது நிமிஷம்தான் கிடைக்கிறது என்றால் தாராளமாக. 'தத்வா', 'கோவிந்தா', 'ஹஷ்', 'சவுண்ட் ஆஃப் டிரம்ஸ்', 'ஷவர் யுவர் லவ்' என்ற வரிசை போதும். இதில் 'ஹஷ்' அவர்கள் எழுதியது இல்லை. ஜோ சவுத் எழுதி, 1968இல் டீப் பர்பிள் பாடிப் பிரபலமான பாட்டு. இவர்கள் வாசித்த வேகத்தில் ஆர்கனும் கிடாரும் போட்டி போடும், கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் அண்ணன் மகள் முழுசா உட்கார்ந்து கேக்குறேன் என்றாள். அப்படிச் சொல்கிறவர்களுக்குப் பொறுக்கியெடுத்த பாட்டுகளைக் கொடுப்பது சரியில்லை.

மறுபடி சேர்ந்தபின் வந்தவை? 2005 வாக்கில் மில்ஸ், பெவன், வின்டர்ஹார்ட் மூவரும் திரும்பச் சேர்ந்தார்கள், ஆர்கனுக்கு ஹாரி பிராட்பென்ட். 2007இல் 'ஸ்ட்ரேஞ்ஜ்ஃபோக்', 2010இல் 'பில்கிரிம்ஸ் புராகிரஸ்', முதல் ஆல்பத்தின் இருபதாவது வருஷத்தில் 'கே 2.0'. 2022இல் டார்லிங்டனும் வந்துவிட்டார். 2024 தொடக்கத்தில் பழைய நால்வரும் சேர்ந்த 'நேச்சுரல் மேஜிக்' வந்தது. நிதானமான, மனம் ஆறிய இசை. முதல் இரண்டையும் கேட்டவர்களுக்கு இவை பழைய நண்பர்களைப் பார்ப்பதுபோல. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தின் காரணம் புரியாது. அதனால் முதல் ஆல்பமாக இவற்றில் எதையும் சொல்லமாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேடும்போது இன்னொரு 'கோவிந்தா' வரும். அது ஜார்ஜ் ஹாரிசன் தயாரிப்பில், லண்டன் ராதா கிருஷ்ணா டெம்பிள் பக்தர்கள் பாடி 1970இல் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்டது. பாடியவர் யமுனா தேவி, பாட்டு பிரம்ம சம்ஹிதைச் சுலோகங்கள். உலகம் முழுக்க இஸ்கான் கோயில்களில் காலையில் திரை விலகும்போது ஒலிப்பது அந்தப் பதிவுதான். ராக் வேண்டாம், கீர்த்தனம் மட்டும் போதும் என்பவர்கள் குலா ஷேக்கரை விட்டுவிட்டு நேரே அங்கே போகலாம். அவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது. இதே பக்தர்களுக்குத்தான் ஹாரிசன் 1973இல் லண்டனுக்கு வெளியே ஒரு மாளிகையை வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கும் பக்திவேதாந்த மேனர் என்று அது கோயிலாக இருக்கிறது. மில்ஸ் தலைமுறைக்குக் கிருஷ்ண நாமம் பிரிட்டனிலேயே கிடைத்ததற்கு அந்த முதல் தலைமுறை போட்ட பாதை ஒரு காரணம்.

ஆக, கிடார் ராக் கேட்டே வளர்ந்த பையனோ பெண்ணோ என்னிடம் கேட்டால் 'கே' என்பேன். அவர்களுக்கு 'ஹே டூட்' நல்ல வாசல். பஜனைக் காதோடு வருகிறவர்களுக்கு 'பெஸன்ட்ஸ்'. என் அண்ணன் மகள் மார்கழியில் பாட்டியோடு திருப்பாவை சொல்லி வளர்ந்தவள், கல்லூரியில் கிடாரும் கற்றுக்கொண்டாள். இரண்டும் உள்ளே இருக்கும் காது அவளுடையது. அதனால் அவளுக்கு என் பதிலில் மாற்றம் இல்லை.

அவளுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். போன் ஸ்பீக்கரில் கேட்காதே, ஹெட்போன் போட்டுக்கொள். ராத்திரி சாப்பிட்டபின் கேள். பாட்டு வரிசையை மாற்றாதே, ஷஃபிளை அணைத்துவிடு. முதல் இரண்டு பாட்டு இரைச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள், நாலாவது பாட்டில் ராதை வந்துவிடுவாள். 'நமாமி நந்த நந்தனா' ஓடும்போது யார் போன் பண்ணினாலும் எடுக்காதே, நான் பண்ணினாலும்.